மறுக்கப்பட்ட பக்கங்களும் மடங்காத எழுதுகோலும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இம்மலரைக் கையில் ஏந்திப் படிக்கும் இளைஞர்களை எண்ணும்போதே நெஞ்சம் நிறைகின்றது. பள்ளிக்கூடத்துத் திண்ணையும் எட்டாதிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். படிக்கக் கற்ற சமுதாயத்தின் அடுத்த படி, எழுதக் கற்பது. நம் இளைஞருள் பலர் கவிதையும் கதையும் கட்டுரையும் எழுதுகின்றனர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் இரண்டொரு முறை எழுதி அனுப்பியதோடு நின்றுவிடுவோரே மிகுதி. அனுப்பியது திரும்பி வந்துவிட்டது என்பார் சிலர். திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்பார் சிலர். சேரிப் பேச்சு இலக்கியத்திற்கு ஆகாது என்று எவரோ சொல்லக் கேட்டு, எழுதுகோலை மூடி வைத்தவரும் உண்டு.

இவர்களுக்கு வெறும் ஆறுதல் மொழி கூறுவதனால் பயனில்லை. நமக்கு முன்னே எழுதியவர்கள் இதைவிடக் கடுமையான மறுப்புகளைக் கண்டனர். அவர்கள் ஏன் நின்றுவிடவில்லை? எது அவர்களைத் தொடர்ந்து எழுதச் செய்தது? இவ்வினாக்களுக்கு விடை கூற வல்லது வரலாறு ஒன்றே. அவ்வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

பெயரையே தலைப்பாக்கிய துணிவு

ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே நடத்திய தமிழ் இதழ்களின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுகின்றது. 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்', 1885இல் 'திராவிட பாண்டியன்' எனப் பல இதழ்கள் தோன்றின. அவற்றுள் பலவற்றின் பெயர் மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளது. அவ்வரிசையில் ஓங்கி ஒலித்த இதழ் இரட்டைமலை சீனிவாசனாருடையது.

செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் சீனிவாசனார். அவர் கோயம்புத்தூரில் படித்த பள்ளியில் இருந்த ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தாம் இன்ன சாதி என்பது தெரிந்தால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சி, அவர் எவரோடும் பழகுவதில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும் விரைந்து வீடு சேர்வார். இவற்றையெல்லாம் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் தம் நூலில் அவரே பதிவு செய்துள்ளார்.

சாதிப் பெயரை மறைத்து ஒதுங்கி நின்ற அந்த மாணவரே, 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். எந்தச் சொல்லைக் கூறிப் பிறர் இழிவு செய்தனரோ, அந்தச் சொல்லையே முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். இச்சமுதாயத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தம்மை இன்னார் என்று அஞ்சாது கூறி முன்வந்தாலன்றி உரிமை கிட்டாது என்பது அவர் கருத்து. அப்பெயரை நம்மவருள்ளும் அனைவரும் விரும்பினர் அல்லர். அவருடைய மைத்துனரும் பேரறிஞருமான அயோத்திதாசப் பண்டிதரே அப்பெயரை ஏற்க மறுத்துத் திராவிடர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் எழுதி வந்தார். வெளியாரின் ஏளனம் ஒருபுறம். உள்ளோரின் மாறுபாடு மறுபுறம். இரண்டிற்கும் நடுவே இதழ் நடந்தது.

நான்கு பக்கங்களே கொண்ட மாத இதழாகத் தொடங்கிய 'பறையன்' இரண்டே நாள்களில் சென்னையில் ஏறத்தாழ 400 பிரதிகள் விற்றது. எழுதப்படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த ஒரு சமுதாயத்தில் இஃது எளிய எண்ணிக்கையன்று. ஒருவர் வாங்கிப் பலர் கூடிக் கேட்ட காலம் அது. மூன்று திங்களில் அது வார இதழாயிற்று. ஈராண்டுகளுக்குப் பின் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது.

இதழ் தொடங்கிய அதே ஆண்டின் இறுதியில் ஒரு பெரும் பணியை அது மேற்கொண்டது. இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். கல்வி மறுக்கப்பட்ட மக்கள் உள்ள நாட்டில் அது மேல்சாதியினர் கையில் அதிகாரத்தை முழுவதுமாக ஒப்படைப்பதாகும் என்று சீனிவாசனார் கருதினார். சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார். அக்கோரிக்கையை இன்று எவ்வாறு மதிப்பிட்டாலும், பேனா பிடிக்கத் தெரியாதவர் எனக் கருதப்பட்டோர் 112 அடி நீளத்திற்குத் தம் பெயர்களை வரிசைப்படுத்தினர் என்பதை மறுப்பார் இலர்.

எழுத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1896இல் இதழில் வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்றன் காரணமாக வழக்குத் தொடரப்பட்டு, ஆசிரியருக்கு 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அந்நாளில் அது ஏழையின் பல மாத வருவாய். தண்டம் விதிக்கப்பட்ட பின்னரும் இதழ் நிற்கவில்லை. ஏழாண்டுகள் நடந்து, அவர் கடல் கடந்து சென்ற 1900ஆம் ஆண்டிலேதான் நின்றது.

இதழ் நின்றதே, எழுத்து தோற்றதே என்று கூறலாமா? தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர் 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் ஆகியவற்றை எச்சாதியாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் அம்மன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தார். நான்கு பக்க இதழில் எழுதி வந்த உரிமைக் குரல் முப்பது ஆண்டுகள் காத்திருந்து அரசாணையாயிற்று. எழுத்தின் விளைச்சலுக்கு ஆடியில் விதைத்துத் தையில் அறுக்கும் கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

ஒரு பைசாவின் வலிமை

1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். தமிழோடு பாலியும் வடமொழியும் ஆங்கிலமும் அறிந்தவர். 1892இல் சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தில் நடந்த சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் எழுந்து, எம் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களில் ஏன் அனுமதிப்பதில்லை என்று வினவினார். உங்கள் குலத்திற்கு வேறு சிறு தெய்வங்களை வைத்திருக்கின்றோம், இவை உங்களுக்கு உரியவை அல்ல என்னும் பொருள்பட அவையில் விடை வந்தது. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் ஏழைகளுக்கு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று பண்டிதர் கேட்டதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

கற்றோர் நிறைந்த அவையில் கிடைத்த அவமதிப்பு ஒருவரை வாயடைக்கச் செய்திருக்கலாம். பண்டிதர் வேறு வழி தேடினார். பிறர் அவையில் இடம் கேட்டு நிற்பதைவிடத் தாமே ஓர் அவையை உண்டாக்குவது என்று முடிவு செய்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா, புதன்கிழமைதோறும் வெளியீடு. கூலி வேலை செய்வோரும் வாங்கத் தக்க விலையையே இதழின் பெயராக வைத்தார். ஓராண்டிற்குப் பின் வாசகர் விருப்பத்திற்கிணங்க அது 'தமிழன்' ஆயிற்று.

அவ்விதழில் அரசியல் இருந்தது. இலக்கண ஆராய்ச்சி இருந்தது. திருக்குறளுக்குப் புதிய உரை இருந்தது. மருத்துவக் குறிப்பும் வாசகர் வினாக்களுக்கு விடையும் இருந்தன. இந்நாட்டின் பழைய வரலாற்றைப் பௌத்த நெறியில் விளக்கும் தொடர்களும் வெளிவந்தன. பண்டிதரின் முடிவுகளைப் புலவருலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. மறுத்து எழுதுவதற்கும் பலர் முன்வரவில்லை. எழுத்தாளனுக்கு மறுப்பினும் கொடியது கண்டுகொள்ளாமை. மறுப்பவன் படித்தாவது மறுக்கின்றான். கண்டுகொள்ளாதவன் அப்படி ஒருவன் இல்லை என்றே நடந்துகொள்கின்றான். அந்த மௌனத்தின் நடுவே 1914 மே 5ஆம் நாள் தாம் மறையும் வரை பண்டிதர் எழுதினார். கணக்கிட்டால் ஏறத்தாழ 360 வாரங்கள். நம் திருத்தணிகை மலையின் படிகள் 365 என்பதை நாம் அறிவோம். வாரத்திற்கு ஒரு படியாக ஒரு மனிதர் தனியே ஏறிய மலையாகவே 'தமிழன்' இதழைக் கருதலாம். குறள் உரை முற்றுப் பெறவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் கால்கள் ஓய்ந்தன.

ஏழாண்டுகள் அவரை எழுதச் செய்தது எது? தாம் யாருக்கு எழுதுகிறோம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. சென்னைப் புலவர்கள் திரும்பிப் பார்க்காத இதழைக் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் படித்தனர். அங்கே மாரிகுப்பம், சாம்பியன் ரீப் முதலிய இடங்களில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தோன்றின. இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த தமிழரிடமும் இதழ் சென்றது.

இவ்விடத்தில் நம் பகுதிக்கு உள்ள தொடர்பைச் சிறப்பாக நினைவுகூர வேண்டும். திருத்தணி 1911 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்திலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் இருந்து, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கோலார் தங்கவயலின் ஆழத்தில் இறங்கி உழைத்தோருள் பெரும் பகுதியினர் இவ்விரு மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களே. பகலெல்லாம் பூமிக்கடியில் பாறையைப் பிளந்தவர்கள், இரவில் விளக்கொளியில் கூடி அமர்ந்து, படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கக் கேட்டனர். புலமை மன்றம் கொடுக்காத அவையை இம்மக்கள் பண்டிதருக்குக் கொடுத்தனர். பண்டிதர் மறைந்த பின்னும் அவர்கள் இதழை மறக்கவில்லை. 1926 முதல் சில ஆண்டுகள் 'தமிழன்' கோலார் தங்கவயலிலிருந்தே, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, மீண்டும் வெளிவந்தது.

லாகூரில் பேசப்படாத பேச்சு

தமிழகத்தில் நடந்ததே பிற இடங்களிலும் நடந்தது. உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற அண்ணல் அம்பேத்கரும் மறுப்புக்கு விலக்கானவர் அல்லர்.

1920 சனவரி 31ஆம் நாள் அவர் 'மூக்நாயக்' என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். திலகரின் 'கேசரி' இதழ், கட்டணம் கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் 2,500 ரூபாய் அளித்து உதவினார். அவ்விதழ் சில ஆண்டுகளில் நின்றது. 1927இல் 'பகிஷ்கிருத பாரத்' தொடங்கினார்; அதுவும் நின்றது. 1930இல் 'ஜனதா' தோன்றியது. 1956இல் 'பிரபுத்த பாரத்' ஆயிற்று. ஓர் இதழ் நின்றால் மற்றோர் இதழ் என்று முப்பத்தாறு ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. தொழிலும் போராட்டமும் அழுத்திய நாள்களிலும், இதழின் பத்திகளைப் பெரும்பாலும் தாம் ஒருவரே எழுதி நிரப்ப வேண்டிய நிலை அவருக்கு இருந்தது.

1936இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று அவரைத் தம் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தது. அவர் எழுதி அனுப்பிய தலைமையுரையைக் கண்டதும் அழைத்தவர்களே அஞ்சினர். வேதங்களைப் பற்றிய பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். ஒரு காற்புள்ளியையும் மாற்ற இயலாது என்பது அண்ணலின் விடை. மாநாடே நிறுத்தப்பட்டது. பேசப்படாத அவ்வுரையை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். ஏறத்தாழ இரண்டு திங்களில் அவை தீர்ந்தன. மறு ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தபோது குசராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டிருந்தது. தமிழில் அதனைப் பரப்பியது பெரியாரின் 'குடி அரசு'. மாநாடு நடந்திருந்தால் ஒரு மண்டபத்தார் மட்டும் கேட்டிருப்பர். மறுக்கப்பட்டதனால் இந்தியா முழுவதும் படித்தது.

அவர் வாழ்வின் இறுதியிலும் ஒரு மறுப்பு நேர்ந்தது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை எழுதி முடித்த அண்ணல், 1956 செப்டம்பரில் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி, புத்த ஜெயந்தியை முன்னிட்டு நூலகங்களுக்காக அரசு 500 பிரதிகள் வாங்கலாமே என்று கேட்டார். அதற்கென ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டது என்று விடை வந்தது. கடிதம் விழாக் குழுத் தலைவருக்கு அனுப்பப்பட்டது. அத்தலைவர், நம் திருத்தணியிலே 1888இல் பிறந்து புகழ் பரப்பிய டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆவார். எனினும் கோரிக்கை நிறைவேறவில்லை. திசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். நூல் 1957இல் வெளிவந்தது. அரசு 500 பிரதி வாங்கத் தயங்கிய அந்நூல், இன்று இலட்சக்கணக்கான எளியோர் இல்லங்களில் மறைநூலாகப் போற்றப்படுகின்றது.

எல்லைக்கு அப்பால் ஒரு கவிஞர்

ஆந்திர எல்லையில் வாழும் நமக்குத் தெலுங்கு அயல்மொழியன்று. அம்மொழியில் நம்மைப் போன்றதொரு குடியில் தோன்றிய மகாகவி குர்ரம் ஜாசுவாவை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். குண்டூர்ச் சீமையில் வினுகொண்டாவில் 1895இல் பிறந்தவர் அவர். ஒடுக்கப்பட்ட தாயின் மகன் என்று சாதி இந்துக்கள் விலக்கினர். புராணங்களையும் காவியங்களையும் கற்கிறார் என்று, பிறந்த கிறித்தவச் சபையாரும் விலக்கினர். இரு வாயில்களும் அடைபட்ட நிலையில் அவர் பிழைப்புக்காக ஊமைப்படக் கொட்டகையில் கதை சொல்லும் வேலையும் பார்த்தார், பின்னர் ஆசிரியரானார். கவி பாடிய அரங்குகளில், பாட்டைப் பாராட்டியவர்களே சாதியைக் கேட்டறிந்ததும் முகம் மாறியதுண்டு.

அந்த அவமதிப்பையே அவர் காவியமாக்கினார். 1941இல் வெளிவந்த அவருடைய 'கப்பிலம்' நூலில், கோயிலுக்குள் நுழைய இயலாத ஏழை ஒருவன் வௌவாலைத் தூது விடுகின்றான். அன்னமும் மேகமும் தூது சென்ற இலக்கிய மரபில் வௌவாலுக்கு எப்போதும் இடமில்லை. ஆயினும் கோயிலின் கருவறைக் கூரையில் தடையின்றித் தொங்கக் கூடியது அஃதொன்றே. மனிதனுக்குக் கிட்டாத உரிமை வௌவாலுக்குக் கிட்டியுள்ளது என்பதைக் காட்ட இதனினும் கூரிய உவமை வேண்டுமா? தெலுங்குப் புலவருள் தலைசிறந்தவராகப் போற்றப்பட்ட செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரியார், பின்னாளில் தம் கையாலேயே ஜாசுவாவின் காலில் வீரக்கழல் பூட்டிச் சிறப்புச் செய்தார். 1964இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் 1970இல் பத்மபூஷண் விருதும் வந்தன. மறு ஆண்டில் கவிஞர் மறைந்தார். சிறப்புகள் காலந்தாழ்ந்தே வந்தன. அவை வரும் என்று எண்ணி அவர் எழுதியிருந்தால் முப்பது வயதிலேயே எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார்.

அழிந்த இதழும் எஞ்சிய இதழும்

இதுவரை கூறியவற்றிலிருந்து, மன உறுதி உள்ளவன் எழுதுவான், வெல்வான் என்று ஒருவர் முடிவு கட்டலாம். அம்முடிவு பாதி உண்மையே. மறு பாதியை எஞ்சிய இதழ்கள் கூறுகின்றன.

'பறையன்' இதழின் முழுத் தொகுதி இன்று நமக்குக் கிட்டவில்லை. அரசினர் தம் தேவைக்காக நாட்டு மொழி இதழ்களிலிருந்து ஆங்கிலத்தில் எடுத்தெழுதிய சுருக்கக் குறிப்புகளிலிருந்தும், சீனிவாசனாரின் தன்வரலாற்றிலிருந்துமே அதனைப் பற்றிப் பெரும்பாலும் அறிகின்றோம். ஏழாண்டுகள் ஒரு மனிதர் வியர்வை சிந்தி எழுதியவை, காப்பாரின்றிக் கரையானுக்கும் காலத்துக்கும் இரையாயின. 'தமிழன்' இதழின் நிலை வேறு. அதைப் படித்த எளிய குடும்பத்தார் சிலர் இதழ்களைத் தொகுத்துக் கட்டி, தலைமுறை கடந்தும் பேணினர். அன்பு பொன்னோவியம் போன்ற பெரியோர் அவற்றைத் தேடித் திரட்டிக் காத்தனர். அதன் பயனாக ஞான அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது. பண்டிதர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், தமிழக வரலாற்றையே புதிதாக எழுத வேண்டிய தேவையை அத்தொகுதிகள் உண்டாக்கின. 2005இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தலை வெளியிட்டது.

இரண்டு ஆசிரியர்களும் சமமாகவே உழைத்தனர். இருவரும் அஞ்சாதவர்களே. ஓர் இதழ் அழிந்ததற்கும் மற்றோர் இதழ் எஞ்சியதற்கும் காரணம் எழுதியவரின் ஊக்கத்தில் இல்லை. வாசித்தவரின் கையில் இருந்தது. எழுத்தாளனின் ஊக்கம் அவன் நெஞ்சில் மட்டும் ஊறும் ஊற்றன்று. அவனைப் படித்து, விலை கொடுத்து, பேணி வைக்கும் மக்களிடமிருந்தும் அது ஊறி வருகின்றது. ஆதலின் எழுத்தாளன் சோர்ந்தான் என்றால் அவனைச் சார்ந்த சமுதாயமும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இளைஞர்க்கும் உறுப்பினர்க்கும்

இளைஞர்களே! உங்கள் எழுத்து மறுக்கப்படும்போது முதலில் ஒன்றைப் பிரித்தறியுங்கள். எழுத்தில் குறை இருந்து மறுக்கப்படுவது உண்டு. எழுதியவன் பிறப்பையோ பேசும் பொருளையோ கண்டு மறுக்கப்படுவதும் உண்டு. முன்னதாயின் திருத்தி எழுதுங்கள். அதில் இழிவு ஏதுமில்லை. பின்னதாயின் லாகூர் உரையை நினையுங்கள். ஒரு காற்புள்ளியையும் மாற்றாதீர்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, குறை சொன்னவரை எல்லாம் பகைவர் என்று கொள்வதும், பகைவர் சொல்லை எல்லாம் குறை என்று ஏற்பதும் எழுத்தாளனைக் கெடுக்கும்.

எழுதும் நாளை முறைப்படுத்திக்கொள்ளுங்கள். பண்டிதருக்குப் புதன்கிழமை இருந்தது. மனம் சோர்ந்திருந்தாலும் புதன் வந்தால் இதழ் வர வேண்டும். ஊக்கம் வந்த பின் எழுதுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. எழுதும் நாள் வந்ததும் ஊக்கம் தானே வந்தது. உங்கள் பேச்சு மொழியைக் குறித்து நாணாதீர்கள். 1992இல் பாமா எழுதிய 'கருக்கு', சேரி மக்களின் பேச்சுமொழியிலேயே வெளிவந்தது. அது கடல் கடந்தும் படிக்கப்படுவதையும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டில் பரிசு பெற்றதையும் எண்ணிப் பாருங்கள்.

எழுதப் பொருள் இல்லை என்று கூறாதீர்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்கே உழைத்துத் திரும்பிய முதியோர் நம் பகுதியில் இருக்கின்றனர். தெலுங்கு நாட்டின் ஆட்சியில் இத்தாலுகா இருந்த நாள்களை நினைவில் வைத்திருப்போரும் சிலர் உளர். மலையடிவாரத்தில் நின்று கும்பிட்டுத் திரும்பிய தலைமுறையினர், 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்திற்குப் பின் நம்மவர் கோயில்களுக்குள் சென்ற கதையைத் தம் மக்களுக்குச் சொல்லிச் சென்றுள்ளனர். 1892இல் பண்டிதர் ஒரு மண்டபத்தில் எழுப்பிய வினாவுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சட்டம் சொன்ன விடை அது. இம்முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். ஒவ்வொருவர் மறையும்போதும் எழுதப்படாத ஒரு நூல் சுடுகாட்டுக்குச் செல்கின்றது. எந்த இதழ் வெளியிடும் என்று கேட்டுக்கொண்டிருக்க இதில் நேரமில்லை. தேதியிட்டு எழுதி, ஒரு படியைக் காத்து வையுங்கள்.

சங்கத்தின் உறுப்பினர்களாகிய பெரியோர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. நம் பிள்ளைகள் எழுதியதை முதலில் படிப்பவர்கள் நாமாக இருப்போம். மாதந்தோறும் ஒரு கையெழுத்துப் பத்திரிகையேனும் நம் சங்கத்திலிருந்து வெளிவரட்டும். ஊர்ப் பொதுவிடத்தில் மாலை வேளையில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கத்தை மீண்டும் தொடங்குவோம். சங்க நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கி, நம்மவர் எழுதிய துண்டறிக்கை, ஆண்டறிக்கை, விழா மலர், கவிதைத் தொகுப்பு அனைத்தையும் கட்டிப் பாதுகாப்போம். இவ்வெள்ளி விழா மலரும் அவ்வலமாரியில் முதல் நூலாக இருக்கட்டும்.

நான்கு பக்கமும் ஒரு பைசாவும் கொண்டு நம் முன்னோர் ஒரு நூற்றாண்டுக்கு விளக்கேற்றினர். அவ்விளக்கைத் தூண்டும் கைகளும் எண்ணெய் வார்க்கும் கைகளும் நம்மிடையே என்றும் குறையாதிருக்கட்டும். வளர்க நம் கல்விச் சங்கம்! வாழ்க நம் இளைஞர் எழுத்துப் பணி!